ஒன்பது கதவுகள்

நாளை பதினொன்றரைக்கு வீட்டு ஏஜெண்ட் வருகிறாள்.
ஆறு மாதத்துக்கொருமுறை வந்து
சுவரைப் படமெடுத்துக்கொண்டு போவாள்.
இப்போது இரவு எட்டு.
குசினி அலுமாரியின் ஒன்பது கதவுகளும்
கட்டிலுக்குக் கீழே பழைய பெட்ஷீட்டில் சுற்றியபடி
மெல்பேர்ன் குளிர் முழுவதும் உறங்கிவிட்டன.

கழற்றியவள் நான்தான்.
மூடி வைத்த எதுவும் எனக்கு இல்லாத பொருள்.
பருப்பில்லை என்று பருப்பு வாங்கி,
பருப்பில்லை என்று மறுபடியும் வாங்கி,
டாண்டினாங் கடைக்காரர் ஒருநாள்
"கலியாண வீடோ அக்கா?" என்றார்.
ஏழு பக்கெற் மைசூர்ப் பருப்பு
ஒரே கதவுக்குப் பின்னால்
ஒன்றையொன்று அறியாமல் இருந்தது.

நாற்பத்திமூன்று வயதில்
டொக்டர் அதற்கொரு பெயர் சொன்னார்.
தமிழில் தேடிப் பார்த்தேன்:
கவனக்குறைவு.
இந்தச் சொல்லை எனக்கு முன்பே தெரியும்.
ஆறாம் வகுப்பு றிப்போட்டில் சிவப்பு மையில் நின்றது.
பஸ் குடைசாய்ந்த செய்தியில்
சாரதியின் பெயருக்கு அருகில் நின்றது.
நோய்க்கும் குற்றத்துக்கும்
ஒரே சட்டையைத் தைத்து வைத்திருக்கிறோம்.

குறைவென்று யார் அளந்தது?
ஃபிரிட்ஜ் சுருதி மாறுவது,
பக்கத்து வளவு நாயின் சங்கிலி,
மகளின் சப்பாத்தில் அவிழ்ந்த நூல்,
நேற்று அனுப்பாமல் விட்ட பதில்,
எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே சத்தத்தில் வர
திறப்பைத் தேடுகிறேன்,
திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

முதலில் பெட்டிகள் வாங்கினேன்.
மூடியுள்ள வெள்ளைப் பெட்டிகள், பன்னிரண்டு.
அவற்றை வைக்க இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.
இன்னும் கராஜில் நிற்கின்றன, விலைச்சீட்டோடு.

பிறகு மார்ச்சில் ஒரு ஞாயிறு
உப்புக்காக நான்காவது கதவைத் திறந்தபோது
உள்ளே ஸ்குரூ டிரைவர் இருந்தது.
அது ஏன் அங்கே இருந்ததென்று கேட்காதீர்கள்.
பொழுதுபடுமுன் ஒன்பதும் இறங்கின.
உப்புத் தெரிந்தது.
தேங்காய்ப்பால் ரின், ஆரபியின் இருமல் மருந்து,
போன கிழமை நான் குடிக்க மறந்த
தேத்தண்ணீர்க் கோப்பை.

மயூரதன் வாசலில் நின்று பார்த்தார்.
"ஆக்கள் வந்தா என்ன நினைப்பினம்?"
"உப்பு எங்க இருக்கெண்டு எங்களுக்குத் தெரியுமெண்டு."
சிரிக்கவில்லை.
ஆனால் மறுநாள் விடிய
"சீனி எங்க?" என்று கேட்காமல்
தானே எடுத்துப் போட்டார்.

இப்போது ஆணிகள்.
ஒரு கதவுக்கு நான்கு, மொத்தம் முப்பத்தாறு.
இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்,
என் முகத்தைப் பார்க்காமல் பார்க்கிற பார்வை.
வயிறு இறங்குகிறது.
கதிரை போட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே துழாவினேன்.
ஒரு ஜாம் போத்தல், மஞ்சள் ஒட்டுத்தாள்,
என் கையெழுத்து:
"கதவு ஆணி. நீ தேடுவது இதைத்தான்."

கதிரையிலேயே கொஞ்சநேரம் இருந்துவிட்டேன்.
நான் மறப்பேனென்று தெரிந்த ஒருத்தி
ஏசாமல், பெருமூச்சு விடாமல்
எனக்காக எழுதி வைத்துப் போயிருக்கிறாள்.
இதுவரை அவளிடம்
நான் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை.

பன்னிரண்டரைக்கு எட்டுக் கதவுகள் ஏறின.
ஒன்பதாவதுக்கு மூன்று ஆணிதான். எண்ணியது ஆரபி.

ஏஜெண்ட் வந்தாள்.
குளியலறைப் பூஞ்சணத்தைப் படமெடுத்தாள்.
ஒரு கதவையும் திறக்கவில்லை.

அவள் கார் வளைவு திரும்பமுன்
ஆரபி ஸ்குரூ டிரைவரோடு நின்றாள்.
"உப்பிலயிருந்து தொடங்குவம், அம்மா."

கடைசியில் போத்தலின் மூடியைக் காணவில்லை.
மேசைக்குக் கீழே பார்த்தோம், பைகளில் பார்த்தோம்.
போகட்டும்.
திறந்தபடியே மேலே வைத்தோம்.