எட்டுப் புள்ளி

பழைய போன் செத்தது ஈரடுக்கு மேம்பாலத்தில்.
குனிந்தேன், சட்டைப் பையிலிருந்து எட்டிக் குதித்தது.
பின்னால் வந்த தென்காசி பஸ் அதை விடவில்லை.

புதுசு வாங்கிவந்து வீட்டில் திறந்தால்
வைஃபை என்னைக் கேட்கிறது:
யாரு?

ஐந்து வருஷமாய் அந்தப் போன்தான்
ஞாபகம் வைத்திருந்திருக்கிறது.
நான் சும்மா இருந்திருக்கிறேன்.

வி.எம். சத்திரம், மூன்றாவது தெரு,
ராத்திரி ஒன்பது மணி.
பிறந்த நாளைப் போட்டேன். தப்பு.
ஸ்கூட்டர் நம்பர், எழுபத்திரண்டில் ஆரம்பித்து. தப்பு.
எப்போதோ சரண்டர் செய்த லேண்ட்லைன்,
சைபர் நாலு ஆறு ரெண்டு சேர்த்தும் சேர்க்காமலும்.
காஸ் புத்தகத்து நம்பர்.
மகன் பேர், பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில்.

செண்பகவடிவு தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.
"எம்பேரப் போட்டுப் பாத்தீயளா?"
இங்கிலீஷில் பதிமூன்று எழுத்து. போட்டேன்.
தப்பு என்று அது சொன்னதை
அவளும் படித்தாள்.
அப்புறம் வந்த தோசையெல்லாம்
ஒரு பக்கம் கருகியே வந்தது.

டிவிக்கு மட்டும் தெரியும்.
உள்ளே உள்ளே போய்க் கேட்டால்
எட்டுப் புள்ளி காட்டுகிறது,
போட வந்தவள் பாதியில் எழுந்துபோன கோலம்போல.

ஓசூரில் இருக்கிற மகன் சிரித்தான்.
"நீங்கதானப்பா வச்சீய, லாக்டவுன்ல.
என்னையவே அங்கிட்டுத் திரும்பச் சொன்னீய."
ஆமாம், சொன்னேன்.
மகனுக்கும் காட்டாமல்
அப்படி என்ன வைத்திருந்தேன்?

கேபிள்காரப் பையன் இசக்கி சொன்னான்:
"பின்னால ஓட்டைல குத்துனா எல்லாம் அழிஞ்சிரும் சார்.
நான் வந்துதான் புதுசாப் போடணும்.
தேரு நிலைக்கு வரட்டும்."
ஆனி மாசம்.
தேர் அப்போது வாகையடி முக்கில் நின்றது.

இரண்டு நாள்.
மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெபசிங் வீட்டில்
ஏதோ வீடியோ ஓடிக்கொண்டேயிருந்தது,
ஒரு இடத்திலும் நின்று சுற்றாமல்.
வசதிதான், என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபசிங்கிடம் பேசி ஆறு வருஷமாகிறது.
அரையடி என்னுடையது என்கிறேன்.
அரையடி அவருடையது என்கிறார்.
ஒரே அரையடி.
அதில் இப்போது ஆமணக்கு ஒன்று
யாருக்கும் கட்டுப்படாமல் காய்த்து நிற்கிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம்
மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன்.
அந்த மாடியில் அவர் மகள் பெனிட்டா.
என்னைப் பார்க்கவில்லை.
கிளிப்புகளை எண்ணுகிறவள் மாதிரி சொன்னாள்:

"சின்ன ஓ. சின்ன எஸ்.
ரெண்டு ஒண்ணு நாலு.
சாய்ஞ்ச கோடு.
ஒண்ணு ஒம்பது."

கையிலிருந்த போர்வை கனத்தது.
ஓ.எஸ். 214/19.
மாவட்ட முன்சீப் கோர்ட்.
நான் வாதி. அவள் அப்பா பிரதிவாதி.

"ஒனக்கு எப்படிம்மா?"
"ஆன்லைன் கிளாஸ் சமயத்துல சும்மா அடிச்சுப் பாத்தேன் மாமா.
மொதத் தடவையே வந்திட்டு.
எங்க வீட்ல எல்லாருக்கும் மனப்பாடமா இருக்க
நம்பர் அது ஒண்ணுதான?"

"நான் மறந்தது?"
"ரெண்டு நாளா ஒவ்வொண்ணாச் சத்தம்போட்டுச்
சொல்லிச் சொல்லிப் பாக்கீய.
எங்களுக்குப் படம் பாக்க முடியல."

பக்கெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு
படியில் ஒரு கால் இறங்கியபின்
"அப்பாட்ட சொல்லிராதீய" என்றாள்.
எந்த அப்பாவிடம், எந்த வாயால் சொல்ல?

கீழே வந்து போட்டேன்.
உள்ளே விட்டது.
அடுப்படியிலிருந்து குரல்:
"கெடைச்சிட்டா? யாரு பேரு?"
"பேரு இல்ல. நம்பரு."
"என்ன நம்பரு?"
"சும்மா ஒரு நம்பரு."

மதிலுக்கு அந்தப் பக்கம்
யாரோ யாரையோ துரத்திக்கொண்டு
கார் சீறுகிற சத்தம். என் செலவில்.

மாற்றத்தான் வேண்டும்.
பதினெட்டாம் தேதி வாய்தா இருக்கிறது.
அது முடியட்டும்.