முன்னுக்குப் போங்க

எங்கள் கோழிகளுக்கு பஸ் இலக்கம்தான் பெயர்.
பத்தொன்பது வருடம் கொண்டக்டர்,
வேறு என்ன பெயர் வாயில் வரும் எனக்கு?
நூறு, நூற்றிமூன்று, நூற்றெழுபத்தாறு,
பிறகு இந்த மட்டக்குளிக்கே வந்து நிற்கும்
நூற்றைம்பத்தைந்து.
கழுத்தில் மயிர் இல்லாதவள்.
எல்லாருக்கும் முந்தித் தட்டில் ஏறி நிற்பவள்.

வியாழன் முட்டை அடைத்தது அவளுக்கு.
டிக்கட் பையைக் கழற்றாமலே
வெந்நீர்ப் பேசினில் இருத்தி
அடிவயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன்.
ஒரு கண்ணால் பார்த்தாள்.
எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள், தட்டு எங்கே என்று.
விடிய முதல் தலை சரிந்தது.

ஒளித்துப் புதைக்கத்தான் நினைத்தேன்.
மதிலுக்கு அந்தப் பக்கம் துவான் ரிஸ்வி,
புறா வளர்க்கிற மனிதர், எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"காட்டிட்டுப் புதைங்க. இல்லாட்டித் தேடும்."

சாக்கை விரித்துக் கிடத்தினேன்.
நூறு வந்தாள், தலையைச் சரித்தாள், போய்விட்டாள்.
நூற்றிமூன்று கொண்டையில் ஒரு கொத்து,
எழும்பு என்றா
இனி நான்தான் என்றா, எனக்கு விளங்கவில்லை.
நூற்றெழுபத்தாறு மட்டும் பக்கத்தில் குந்தி
இறகு கோதினாள், தன்னுடையதை,
வெயில் சாக்குக்கு வரும் வரை.

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஆழமாய்த் தோண்டி
மேலே கொங்கிரீட் துண்டு வைத்தேன்.
ஆற்றுப் பக்கமிருந்து கபரகொய்யா வரும்.

கூட்டுக்குள் அவர்கள் உறங்குவது
கழித்துப்போட்ட பஸ்ஸின் கைபிடிக் கம்பியில்.
வழுக்காமல் சணல் சுற்றியிருக்கிறேன்.
அன்றிரவு டோர்ச் அடித்தால்
நூற்றிமூன்றுக்கும் நூற்றெழுபத்தாறுக்கும் நடுவில்
சரியாக ஒரு கோழி அகலம்.

பஸ்ஸில் ஒரு சீட் வெறுமையானால்
சூடு ஆற முதல் இன்னொருவர் இருந்துவிடுவார்.
யாரும் கேட்காத, யாரும் பை வைக்காத இடத்தை
என் சேவையில் நான் கண்டதில்லை.
"இஸ்ஸரஹட யன்ன, முன்னுக்குப் போங்க"
நாளுக்கு ஆயிரம் தடவை சொல்கிற வார்த்தை
நாக்கு நுனிவரை வந்தது.
டோர்ச்சை அணைத்தேன்.

புதுசு ஒன்று வாங்குவோம் என்றாள் மகள்.
"இப்ப வந்தா அதைக் கொத்தியே கொண்டுபோடுங்கள்,"
என்றாள் பெர்னதெத், மீன் கழுவியபடி.
அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
ஆகவே அதே நாலு நாற்பது,
அதே பால்மா டின்னில் அதே தீனி, அதே குலுக்கல்.
கோவா ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்,
கொத்திக் கொத்தி ஆட்ட ஏதாவது இருக்கட்டுமே என்று.
லீவு நாளில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அவர்களோடு சும்மா இருந்தேன்.

நூற்றெழுபத்தாறு காலையில் முட்டைப் பெட்டிக்குப் போவாள்.
தொண்டைக்குள் ஒரு சத்தம்,
பிறகு பதில் வர ஓர் இடைவெளி விடுவாள்.
மறுபடி சத்தம். மறுபடி இடைவெளி.
ஒரு நாள் நானே பதில் கொடுத்துப் பார்த்தேன்.
கிழிந்த நோட்டைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

பதினோராம் இரவு பேய் மழை.
கூரையின் ஓரம் ஒழுகி, நூறு நனைந்து,
நூற்றிமூன்றை இடித்தாள்; அவள் இடம் தள்ளினாள்.
நடு இடம் பாதியாகியிருந்தது காலையில்.
மழைக்குத்தான் என்று நினைக்கிறேன்.
மறு நாள் மழை இல்லை. அப்படியே இருந்தார்கள்.

இந்த ஞாயிறு பெட்டிக்குள் முட்டை ஒன்று,
எலுமிச்சம்பழ அளவு, ஓட்டில் ஒரு சுருக்கம்.
யாருடையது என்று மகள் கேட்கிறாள்.

தீனியை நான் இன்னும் நாலு பேருக்குத்தான் அளக்கிறேன்.
கை அப்படிப் பழகிவிட்டது.
மிஞ்சியதை
மதில் தாண்டி ரிஸ்வியின் புறாக்கள் வந்து தின்கின்றன.
அவர் கூப்பிட்டுக்கொள்வதில்லை.