ஈரம் கழித்த கணக்கு

சீனன்குடா மா ஆலையில் எனக்கு
ஆய்வுகூட வேலை, பதினேழு வருடம்.
பாணுக்குப் பன்னிரண்டு வீதம், விசுக்கோத்துக்கு எட்டரை,
நூடில்ஸுக்குப் பத்துக்கு மேல் கொஞ்சம்.
பிசைந்த மாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவேன்.
வெள்ளை எல்லாம் ஓடி
சவ்வுமாதிரி ஒன்று விரலில் மிஞ்சும்.
அதுதான் புரதம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வத்தை வீட்டுக்கு வந்தபோது ஒன்பது கிழமைக் குட்டி.
கிரேட் டேன்.
துறைமுகத்துக்குக் கிரேன் பொருத்த வந்த ஒல்லாந்துக்காரர்
ஊர் திரும்பும் அவசரத்தில்
கயிற்றோடு கையில் தந்துவிட்டுப் போனார்.
பாதங்கள் மட்டும் முன்கூட்டியே வளர்ந்திருந்தன,
அண்ணனின் சப்பாத்தைப் போட்டுவந்த பிள்ளைபோல.

உணவுப் பையில் அச்சடித்திருந்தது: புரதம் இருபத்தாறு.
சிரித்தேன்.
அப்படியொரு கோதுமை வந்தால்
கப்பலையே திருப்பி அனுப்புவோம்.

பாலையூற்றில் ஆளுக்கொரு விதி.
"புரதம் கூடினால் கால் வளையும், பிள்ளை"
என்றார் தபாற்கந்தோர் இன்னாசித்தம்பி.
"இந்தப் பெரிய சாதிக்கு மீன் குடுக்காமல்
வேறென்னத்தைக் குடுப்பாய்?" என்று
பெர்னதெத் அக்கா நாளுக்கு ஒரு சுண்டு
சூடைக் கருவாடு, முள்ளோடு தலையோடு இடித்து.
நான் நடுவில் நின்றேன்.
பையில் பாதி, கருவாட்டில் பாதி.
நடுவில் நிற்பது நியாயம் என்றொரு நினைப்பு.

நாலாம் மாதம் ஆலைத் தராசில் ஏறினோம்.
அவனைச் சுமந்து ஒருமுறை, தனியே ஒருமுறை.
என்னைக் கழித்தால் இருபத்தொன்பது கிலோ.
காவலாளி சமிந்த கைதட்டினான்.
எனக்கும் பெருமை.
அதை யாரும் நிறுக்கவில்லை.

மூன்றாம் நாள் டச்பே மணலில்
ஓடிவந்தவன் பாதியில் உட்கார்ந்துவிட்டான்.
முன்னங்கால்கள் வெளிப்பக்கம் சரிந்திருந்தன,
ஒரு மேசை களைத்துப்போனால் எப்படியோ அப்படி.

உவர்மலை மிருக வைத்தியர் விலாவில் கைவைத்து அமர்த்தினார்.
"எலும்பு எங்கே?" என்றார்.
பிறகு:
"புரதத்தைக் குற்றம் சொல்லாதீங்க. இருபத்தாறு சரி.
முள்ளில இருக்கிற சுண்ணாம்பு ஒண்டு,
அளவில்லாமல் நீங்க போடுற சாப்பாடு மற்றது.
அவன் எப்படியும் பெரிசாகத்தான் போறான்.
அவசரம் உங்களுக்குத்தான்."

கருவாட்டில் எவ்வளவு புரதம் என்று நினைத்தேன் என்பதையும் கேட்டார்.
மீனுக்கு இருபது, எங்கோ வாசித்தது, என்றேன்.
"அது தண்ணியோட இருக்கிற மீனுக்கு.
வெயிலில காய்ஞ்ச பிறகு?"

முகம் சுட்டது.
ஈரப்பதம் கழிக்காமல் ஒரு நாளும்
ஒரு படிவத்திலும் கையெழுத்து வைக்காதவள் நான்.
வீட்டில் மட்டும்
கண்ணால் நிறுத்திருக்கிறேன்.

அன்றிரவு பையைத் திருப்பித் திருப்பி வாசித்தேன்.
புரதத்துக்குக் கீழே கல்சியம், பொசுபரசு,
கோப்பைக்கு எத்தனை கலோரி,
எந்த நிறைக்கு எத்தனை கோப்பை.
தொண்ணூறில் முகாமில் எங்களுக்கு இறக்கிய மூட்டைகளில்
நாட்டின் பெயர் மட்டும் இருந்தது.
நாங்களும் வளர்ந்தோம்.
என் தம்பியின் முழங்காலைப் பற்றி
இப்போதுதான் யோசிக்கிறேன்.

இப்போது நாளுக்கு மூன்று நேரம், கிராம் கணக்கு.
கருவாடு இல்லை.
"நாயைப் பட்டினி போடுறாள்" என்று
மீன்வாடி முழுக்கச் சொல்லிவிட்டா பெர்னதெத் அக்கா.
வத்தையும் அவ பக்கம்தான்:
வெறும் கோப்பையை நக்கிநக்கிச் சுவர்வரை தள்ளிப்போய்
திரும்பி என்னைப் பார்க்கிறான்.

விலாவில் விரல் வைக்கிறேன்.
எண்ண முடிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.
இடக்கால் நிமிர்ந்துவிட்டது.
வலக்கால் இன்னும் யோசிக்கிறது.