கட்டிலுக்கடியில் ஏழு

கிளம்பும்போதே தௌலத் சொன்னாள்,
"சத்தியம் பண்ணு எப்சிபா,
புதுசா எதையும் தொடங்க மாட்டேன்னு."
பண்ணினேன்.
கையில் வேதாகமம் இல்லை,
டேஷ்போர்டைத் தொட்டுத்தான்.

கட்டிலுக்கடியில் ஏற்கெனவே ஏழு கிடக்கின்றன.
ஏழும் ஒட்டுப்போர்வைகள், ஏழும் அரைகுறை.
ஒன்றுக்கு நடு மட்டும்.
ஒன்றுக்கு ஓரம் மட்டும்.
ஒன்றில் குத்திய ஊசி குத்தியபடியே
போன கிறிஸ்துமஸிலிருந்து.

இரண்டாம் சனி, பேங்க் லீவு.
நாற்பத்தாறு வயதில் கார் கற்றவள் தௌலத்;
கண்ணமங்கலம் தாண்டும் வரை இரண்டாம் கியர்.
கரும்பு டிராக்டர் ஒன்று
எங்களை முந்தியது, பாட்டுப் போட்டுக்கொண்டு.

ஆரணியில் சேலை பார்க்க உட்காரவில்லை.
தறியிலிருந்து அறுத்தெடுத்த நுனிகள்
பின்கட்டுச் சாக்கில் கிடக்குமே,
அது போதும் என்றோம்.
கடைக்காரர் எங்களை இன்னொரு முறை பார்த்தார்.
"பொம்மைக்கா?"
"போர்வைக்கு."
"பட்டுலயா? துவைக்க முடியாதே."
முடியாதுதான்.
ஆனால் வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு துண்டு,
விளிம்பில் வாடாமல்லிக் கோடு.
விரலில் பட்டதுமே எட்டாவது போர்வை
தலைக்குள் பாதி தைத்தாயிற்று.
தௌலத் போன் பேசும் நேரத்தில்
கால் கிலோ.

ஆற்காட்டில் மக்கன்பேடாவுக்குத்தான் நிறுத்தினோம்.
பாகு ஒழுகும் கையோடு
எதிரே கட்பீஸ் கடைக்குள் நுழையக் கூடாது.
நுழைந்தோம்.
ஒரே பூ, மூன்று நிறத்தில், மல்மல்.
"தொடாதீங்கக்கா, தொட்டா வாங்கணும்"
என்றான் கடைப்பையன்.
தொட்டிருந்தேன்.
ஒன்பதாவது.

கிரீன் சர்க்கிள் வந்தது.
இடதுபுறம் திரும்பினால் பத்து நிமிடத்தில் என் வீடு.
ஊறவைத்த துணி இருக்கிறது,
மாவு புளித்துக்கொண்டிருக்கும்.
தௌலத் இண்டிகேட்டர் போடவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.
குடியாத்தத்துக்கு நேராகப் போகவேண்டும்.

அங்கே லுங்கி பிட்டு, எடைக்கணக்கு.
தராசில் அள்ளிப் போட்டவள் கேட்டாள்,
"ஏற்கெனவே கட்டமாத்தான கீது,
இத வெட்டி இன்னாத்துக்கு
மறுபடியும் கட்டமா தைக்கிறீங்க?"
இருபது வருடமாக எனக்கும் தெரியாது.
இரண்டு கிலோ என்றேன்.
தௌலத் நான்கு.
அவள் எந்தச் சத்தியமும் பண்ணியவளில்லை.

திரும்பும்போது கேட்டாள்,
"இதுவரைக்கும் ஒண்ணாவது முடிச்சிருக்கியா?"
ஒன்று.
ஜெபசீலன் பைக்கிலிருந்து விழுந்து
தொடையில் கம்பி வைத்த அந்தப் பத்தொன்பது நாள்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் தைத்தது.
அங்கே தொடங்குவதற்கு வேறொன்றும் இல்லை,
அதனால் முடிந்துவிட்டது.
இப்போது ஓசூரில் அறை எடுத்திருக்கிறான்.
போய்ப் பார்த்தேன்.
மாடிப்படிக்குக் கீழே பைக்,
பைக்கின் மேல் என் போர்வை.
"மழை பெய்யுதும்மா" என்றான்.
அதே பைக்.

தௌலத் சிரித்தாள்.
பிறகு சிரிப்பை நிறுத்தி
கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

ரயில்வே கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வருமாம். வரவில்லை.
கைப்பையில் நகம் வெட்டும் கத்தரி.
லுங்கித் துண்டை மடியில் விரித்து
கோட்டோடு கோடாய் வெட்டினேன்,
உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம்.
ஆரணிப் பட்டை அதன் பக்கத்தில் வைத்தால்
இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.
நடுவில் ஆற்காட்டுப் பூவை நுழைத்தேன்.
பேச ஆரம்பித்தன.

"இது எட்டா, ஒம்பதா, பத்தா?"
உதட்டுக்கிடையில் நூல்.
பதில் சொல்ல முடியாது.

கூட்ஸ் போய்விட்டது.
கேட் திறந்துவிட்டது.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்துகிறான்.

"இரு" என்கிறாள் தௌலத்,
காருக்குள் விளக்கைப் போட்டு
என் மடி மேல் குனிந்து,
"அந்த ஓரம் கோணுது."