எம் தளம்

ஏழாம் வகுப்பு சி பிரிவு. நாற்பத்தொரு தாள்கள்.
நான்காவது கேள்வி:
கழித்தல் இரண்டாம் தளத்திலிருந்து
மூன்றாம் தளத்துக்கு லிஃப்ட் ஏறுகிறது.
எத்தனை தளம் ஏறியது?

நெய்னா முகம்மது ஆறு என்று எழுதியிருந்தான்.
சிவப்பில் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன்:
கம்பங்களை எண்ணாதே, இடைவெளியை எண்ணு.
பத்தொன்பது வருடமாக எழுதும் வரி,
கை தானாகவே எழுதிவிடும்.

அன்று சாயங்காலம் அபூ ஷகாராவில்
எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுது.
மூன்று மொழியில் ஒட்டியிருந்தார்கள், தமிழ் அதில் இல்லை.
இரண்டாம் அடித்தளத்தில் காரை விட்டு
மிச்சத் தாள்களை மார்போடு அணைத்து
செப்டம்பர் புழுக்கத்தில் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ள
ஏறினேன்.

பி ஒன்று.
வாட்ச்மேனின் நாற்காலி மட்டும் கிடக்கும் ஜி.
பிறகு எம்:
ஒரு தையல்கடை, பூட்டிய டைப்பிங் சென்டர்,
எண்ணே இல்லாத ஒரு தளம்.
ஒன்று. இரண்டு.
மூன்றில் சாவியைத் தேடும்போது
முழங்கால் சொன்னது: ஆறு.

பையனின் வீடு ரோலாவில்.
அப்பாவுக்கு பக்காலா.
தண்ணீர்க் கேன் தூக்கிப் படியேறிய பிள்ளையின் கணக்கை
ஏசியில் உட்கார்ந்து அடித்துவிட்டேனோ?
இரவு அரை மதிப்பெண் போட்டேன். அடித்தேன்.
மறுபடியும் போட்டேன்.

காலையில் கூப்பிட்டுக் கேட்டேன்,
எம்மையும் சேர்த்தாயா என்று.
"எம்மா? இல்ல மிஸ்."
விரலை நீட்டி எண்ணிக் காட்டினான்:
மைனஸ் ரெண்டு, மைனஸ் ஒண்ணு, ஜீரோ, ஒண்ணு, ரெண்டு,
வலக்கை தீர்ந்து
இடக்கைக் கட்டைவிரலில் மூணு.
ஆறு விரல்.
அதே பழைய தப்பு.
ராத்திரி முழுக்க நான் பட்ட பாடுதான் வீண்.

ஆனால் அவன் கையை மடக்கவில்லை.
விரல்களுக்கு நடுவே ஜன்னல் வெயில் நுழையும்
சந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நாலு.
இரண்டு கைக்கும் நடுவே இன்னொன்று.
உதடு அசைந்தது.
விடையைச் சொல்லத் துடித்த வாயை
எப்படியோ மூடி வைத்திருந்தேன்.

பெல் அடித்தது.
பி.டி. பீரியடுக்கு மொத்த வகுப்பும் ஓடியது.
கதவுவரை போனவன் திரும்பி வந்தான்.

"அப்போ எம் எத்தனை மிஸ்?
ஜீரோவுக்கு மேல, ஒண்ணுக்குக் கீழ.
அரையா?"