வெறும் வயிற்றில்

மூன்றாம் வாரம், உறிஞ்சல்.
குளிசை கரைவது, குடற்சுவர் கடப்பது,
ஈரலிடம் சுங்கம் கட்டுவது,
மிச்சம் இரத்தத்துக்கு வந்து சேர்வது.
பேராசிரியர் ஒரு வளைகோடு வரைகிறார்,
விறுவிறென்று ஏறி, தயங்கி, நீளமாய் இறங்கும் கோடு.
ஜன்னலுக்கு வெளியே குர்ட்டன் மலையின் முதுகும் அப்படித்தான்.
பேர்ண் முழுக்க மழை.

அடுத்த படம் தைரொய்ட் குளிசை.
கூடச் சேரக்கூடாதவை: பால், கோப்பி, இரும்பு, சுண்ணாம்பு.
கீழே தடித்த எழுத்தில்
ஒரே ஒரு ஜெர்மன் சொல்:
நூஹ்டர்ன்.

உர்சினா அதற்கு மஞ்சள் பூசினாள்.
என் பேனை நின்றுவிட்டது.

எனக்குப் பதினொரு வயது.
பூம்ப்லிட்ஸில் டொக்டர் சுர்பிரிகனின் அறை,
அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில்
சுழல்கதிரையில் நான்.
ஒவ்வொரு காலையும் நூஹ்டர்ன், என்றார்.
தெரிந்த சொல்தான்.
ரயில் நிலையத்தில் தள்ளாடி நின்ற ஒருவனிடம்
பொலிஸ்காரி கேட்டதைக் கேட்டிருக்கிறேன்:
நீ நூஹ்டர்னா?
அம்மாவிடம் திரும்பிச் சொன்னேன்,
"வெறியில போடக்கூடாதாம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.
ஏனென்று தெரியாமல் டொக்டரும் சிரித்தார்.
விளங்கியதா, என்றார்.
விளங்கியது என்றேன்
இரண்டு பேருக்கும் சேர்த்து.

வெறி. வெறும்.
றகரம் வரைக்கும் சரியாகத்தான் போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து
காலை நாலரைக்கு, முதல் ட்ராமுக்கு முன்,
முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்துக்கு ஓடும் அவசரத்தில்
பால் தேத்தண்ணியோடு அந்தக் குளிசை,
இரும்புக் குளிசையும் கூடவே, ஒரே மிடறில்.
ஐம்பது மைக்ரோகிராம் காணவில்லை.
எழுபத்தைந்து. நூறு.
ஒழுங்காகப் போடுகிறாவா, என்று கேட்டார்.
ஒழுங்காக, என்றேன்.
அந்தச் சொல்லில் பிழை இல்லை.
நூற்றிருபத்தைந்து.
அதற்குப் பிறகும் அம்மா ஜூலையில் கம்பளிக் காலுறை போட்டா,
சீப்பிலிருந்து முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டா.
இந்த நாட்டுத் தண்ணி, என்றோம்.
இந்த நாட்டுக் குளிர், என்றோம்.

இடைவேளை. படிக்கட்டு.
இப்பவே சொல், என்றாள் உர்சினா,
நாளைக்கே வெறும் வயிற்றில் போடட்டும்.
விரல் அம்மாவின் பெயரில் இருந்தது.
அழுத்தவில்லை.

நூற்றிருபத்தைந்து என்பது
என் பிழைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.
பிழையை மட்டும் எடுத்துவிட்டால்
முழுக் குளிசையும் உள்ளே போகும்.
நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும்,
நித்திரை போய்விடும் அம்மாவுக்கு.
முதலில் இரத்தம் பார்க்கவேண்டும். பிறகு குறைக்கவேண்டும்.
அரைவாழ்வு ஏழு நாள்,
ஆறு கிழமைக்குப் பிறகு மறுபடி ஊசி.
திருத்தத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது,
அது ஒருவேளை நாளைய பாடம்.

பிறகு அழைத்தேன்.
அம்மாவின் பின்னால் உலர்த்தி சுழன்றது.
எல்லாவற்றையும் சொன்னேன்,
நாளைக்கும் பழையபடியே போடுங்கோ என்பதை
இரண்டு தரம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் உலர்த்தி மட்டும் பேசியது.

"அப்ப பதினொரு வருஷமும்
நான் வெறியில்லாமத்தானே போட்டனான்,"
என்றா அம்மா.
"நீ சொன்னபடிதான் செய்தனான்."
சிரித்தாவா என்று தெரியவில்லை.
மணி அடித்தது, விரிப்புகள் வந்துவிட்டன,
வைத்துவிட்டா.

சுர்பிரிகனின் வரவேற்பாளர்
வியாழன் பத்தேகாலுக்கு நேரம் தந்தாள்.
மொழிபெயர்ப்பாளர் தேவையா, என்று கேட்டாள்,
வழக்கமான கேள்வி.
மழை படிக்கட்டின் கடைசிப் படிவரை வந்திருந்தது.
ஆம், என்றேன்.

உள்ளே போனபோது
கழிவகற்றல் தொடங்கியிருந்தது.
உர்சினா தன் குறிப்பேட்டை
என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.