இரண்டு மில்லிமீற்றர்

பெற்றோல் வரிசை எங்கள் ஒழுங்கைக்குள் வளைந்த ஆனியில்
பழைய றிம்முக்குப் புது ஹப் வாங்கினேன்.
பின் சக்கரம். முப்பத்தாறு துளை.
அலுவலகக் கல்குலேட்டரோடு மூன்று இரவு.
கப்பல் கூலி கூட்டிப் பழகிய கை
கோசைனுக்குத் தடுமாறியது.

வலப்பக்கம் பிறீவீல் இடம் பிடித்துக்கொள்வதால்
கம்பி கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும்: இருநூற்றுத்தொண்ணூறு.
இடப்பக்கம் சாய்ந்து போகும்: இருநூற்றுத்தொண்ணூற்றிரண்டு.
கூடினால் முனை நிப்பிளைத் தாண்டி டியூபைக் குத்தும்.
குறைந்தால் இரண்டு புரியில் தொங்கும்,
காலி வீதியில் ஒரு பள்ளம் வரும் வரைக்கும்.
ஒரு மில்லிமீற்றர் என்றால் நிப்பிள் பொறுக்கும்.
இரண்டைப் பொறுக்காது.

டாம் வீதியில் றிஸ்மியின் கடை.
"எத்தின இஞ்சி?" என்றார்.
சொன்னேன். சிரித்தார்.
"கட்டப் பிரிக்க ஏலா தங்கச்சி. ஒரு கட்டு முப்பத்தாறு."
எனக்கு வேண்டியது இதில் அரை, அதில் அரை.
மீதி அரைகளை வைத்துக்கொண்டு
வெள்ளவத்தையில் குருவிக்கூடு கட்டுவதா?

பின்னால் நின்ற பாண்காரர்,
தோளில் கோணிய சக்கரம்,
கிட்ட வந்து என் தாளைப் பார்த்தார்.
அவருடைய கம்பியைக் கழற்றி
என் அடிமட்டத்தில் வைத்தோம்:
இருநூற்றுத்தொண்ணூற்றொன்று.
மற்றப் பக்கம் இருநூற்றெண்பத்தொன்பது.
பொறுக்கும்.

இரண்டு கட்டையும் கண்ணாடி மேசையில் அவிழ்த்தோம்.
அவர் சிங்களத்தில் எண்ணினார், நான் தமிழில்.
நடுவில் றிஸ்மி யாருக்கோ
பெடல் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.
காசு பாதி பாதி.
பெயர் கேட்க மறந்தோம்.

இரவு மின்வெட்டு. மெழுகுதிரியில் கோத்தேன்,
இரண்டுக்கு மேலால், மூன்றாவதுக்குக் கீழால்.
முப்பத்தைந்து போயிற்று.
கடைசித் துளை இடப்பக்கம்.
கையில் இருந்தது குட்டை.

அப்படியானால் இந்த நேரம்
களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கோ
அந்த மனிதரும் ஒரு நெட்டைக் கம்பியைத்
தூக்கிப் பிடித்தபடி
என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.
எண்ணியதில் யார் பிழை என்று
இரண்டு மொழிக்கும் தெரியாது.

திங்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரம்,
குட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
றிஸ்மி ஆணியில் கொழுவினார்.
வியாழன் போனபோது கையை விரித்தார்:
"நான் நிக்கக்குள்ள ஒருத்தரும் வரல்ல.
நீங்க தந்தது அப்பிடியே தொங்குது."

கழற்றி அடிமட்டத்தில் வைத்தேன்.
இருநூற்றுத்தொண்ணூற்றிரண்டு.